மூன்று நாள் இரவல் வள்ளம்

தாராவி, பம்பாய்-17
19-3-1964

டிராம்பேயில் மகள் வீட்டில் இருக்கும் நாகூர் கனி அவர்களுக்கு, தோல் ஷாப்பு பூலோகம் எழுதுவது.

நான் எழுதுவது. இன்னொரு தடவையும் சொல்கிறேன், நான் எழுதுவது. பக்கத்தில் யாரும் இல்லை. மேலே போட்ட பிள்ளையார் சுழியிலிருந்து கீழே போடப்போகும் கையெழுத்து வரை எல்லாம் என் கை. முப்பது வருடம் என் கடிதத்தை நீங்கள் எழுதினீர்கள், நான் கட்டைவிரலை உருட்டினேன். அந்த விரல் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறது. மை சட்டையிலும் பட்டுவிட்டது. வீட்டுக்காரி முப்பிடாதி திட்டுகிறாள். திட்டட்டும்.

போன ஆனி மாதத்திலிருந்து முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். ஆறுமுகத்தாய் டீச்சர் நடத்துகிறார்கள். வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவன் நான்தான், அறுபத்தாறு. அதனால் என்ன? பஸ் எங்கே போகிறது என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. தமிழ்க் கடைப் பலகை ஒன்று விடாமல் நின்று வாசிக்கிறேன். முப்பிடாதி என்னோடு கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது விஷயம். கோலிவாடா கிசனைத் தெரியும் அல்லவா? துடுப்பு கட்டும் வாருக்கு நம் ஷாப்பில் தோல் வாங்குவானே, அவன்தான். அவனுடைய சின்ன வள்ளம் ஒன்று, ஹோடி என்பார்கள், உங்கள் டிராம்பே கரையில், அவன் மச்சான் வீட்டருகில் கிடக்கிறது. ஒரே மரத்தில் குடைந்தது. இரண்டு பேர் உட்காரலாம். ஹோலி வருகிறது. அவர்கள் அதை ஷிம்கா என்கிறார்கள். அந்த நாலைந்து நாளும் படகுக்குப் பூசை போட்டு, ஆடிப் பாடி, கரையிலேயே இருப்பார்கள். அப்போது ஹோடி சும்மாதானே கிடக்கும் என்று நேற்றுக் கேட்டேன். கொடுத்துவிட்டான். "சாச்சா, சோமவார் ஷாம் தக். நஹி தோ மேரா சாலா சில்லாயேகா" என்றான். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் திரும்பாவிட்டால் மச்சான் கத்துவானாம்.

நம் ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியோரம் நின்று நீங்களும் நானும் எத்தனை வருடம் பேசியிருப்போம்! கடல் ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாத சேற்றுக்காட்டில் ராத்தங்க வேண்டும், தூண்டில் போட வேண்டும், பிடித்ததைச் சுட்டுத் தின்ன வேண்டும் என்று பேசினோம். பேசிப் பேசிப் பல் விழுந்ததுதான் மிச்சம். 28-ந் தேதி சனிக்கிழமை காலையில் புறப்படுகிறோம். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எனக்குப் படகு தெரியாது. நீங்கள் குலசேகரன்பட்டினத்துக்காரர். நீங்கள் வந்தே ஆகவேண்டும்.

தீபாவளியிலிருந்து நான் ஏன் உங்களைப் பார்க்க வரவில்லை என்று யோசித்திருப்பீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதை நடு ஓடையில் வைத்துக் கேட்பேன். அங்கே நீங்கள் எழுந்து போக முடியாது.

இப்படிக்கு,
பூலோகம்
(என் கை)


டிராம்பே, பம்பாய்-88
20-3-1964, வெள்ளி

தம்பி பூலோகத்துக்கு,

உன் கடிதம் வந்தது. ஜும்மா முடிந்து வந்து இரண்டு முறை வாசித்தேன். உன் எழுத்து ஒவ்வொன்றும் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. ஒன்றுகூடச் சாயவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் சுலைகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்க வராது. "வாசிச்சுக் காட்டுங்க வாப்பா" என்றாள். எழுதியதை எழுதியபடி வாசித்தேன். வள்ளம் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஒங்களுக்கு மாடி ஏறவே மூச்சு வாங்குது. வள்ளமா? அந்த மாமாவுக்கு நீச்சல் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டு மய்யித்தையும் ஒரே வள்ளத்துல கொண்டு வந்துரலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சட்டி பானையெல்லாம் சத்தம் போட்டன.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அறுபத்தெட்டு. 28-ந் தேதி பௌர்ணமி. பௌர்ணமித் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மற்ற நாள் போல இராது. ஏறும்போது தூக்கிக்கொண்டு போகும். இறங்கும்போது வள்ளத்தைச் சேற்றில் உட்கார வைத்துவிட்டுப் போகும். கரையோரம் அணுசக்திக்காரர்களின் காவல் வேறு. கிட்டப் போனால் விசில் அடிப்பார்கள். உன் ஆசை எனக்குத் தெரியும். என் ஆசையும் அதுதான். ஆனால் காலம் கடந்துவிட்டது, தம்பி.

கேள்வி இருந்தால் தபாலில் கேள். இப்போதுதான் உனக்கு எழுத வந்துவிட்டதே.

அன்புடன்,
நாகூர் கனி


தாராவி
21-3-1964

நாகூர் கனி அவர்களுக்கு,

மகளுக்கு எழுதியதை எழுதியபடி வாசித்தீர்களாம். நல்லது. எனக்கு ஏன் அப்படி வாசிக்கவில்லை?

தபாலில் கேட்கச் சொன்னீர்கள். கேட்கிறேன். இதை எழுத ஒரு பகல் முழுவதும் ஆகும். ஆகட்டும்.

தீபாவளிக்கு மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து என் தம்பி செல்லப்பாண்டி போட்ட பழைய கடிதங்களை எடுத்தேன். நானே வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எத்தனை நாள் கனவு அது! அடியில் 1948-ல் வந்தது இருந்தது. அம்மா இறந்த வருடம். தந்தி என் கைக்கு வருவதற்குள் அவன் கொள்ளி வைத்து எல்லாம் முடித்துவிட்டான். நான் மூத்தவன், என்னை எதிர்பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில் உங்களிடம் வந்து ஒரு கடிதம் சொன்னேன். எட்டு வரி இருக்கும். கடைசி வரி நன்றாக நினைவு இருக்கிறது. "இனி நீ எனக்குத் தம்பி இல்லை."

ஒரு மாதம் கழித்து அவன் பதில் வந்தது. நீங்கள் வாசித்தீர்கள். தம்பி உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான், மன்னித்துவிடு பூலோகம் என்றீர்கள். நான் பெரிய மனது பண்ணி மன்னித்தேன். பதினாறு வருடம் அந்தப் பெரிய மனதை நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிலை நானே வாசித்தேன். அதில் இருப்பது இது: "அண்ணே, எல்லாம் என் குற்றம், மனதில் வைக்காதே என்று நீ எழுதியதைப் படித்து அழுதேன்."

நானா எழுதினேன்? நானா அப்படிச் சொன்னேன்? என் வாயில் அந்தச் சொல் எப்போதாவது வந்திருக்கிறதா? முப்பிடாதியைக் கேளுங்கள்.

நீங்கள் நல்லது செய்ததாக ஊரெல்லாம் சொல்லும். நான் சொல்ல மாட்டேன். சொன்ன ஆளுக்குத் தெரியாமல் சொன்னதை மாற்ற நீங்கள் யார்? என் கோபம் என்னுடையது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் உங்களிடம் கொடுத்தேன்.

நீங்கள் வராவிட்டாலும் நான் சனிக்கிழமை போவேன். துடுப்பு எந்தப் பக்கம் பிடிப்பது என்று கிசனிடம் கேட்டுக்கொள்வேன். எழுதவே கற்றுக்கொண்டவன் நான்.

பூலோகம்


டிராம்பே
23-3-1964

தம்பி,

கிசன் துடுப்பைப் பற்றிச் சொல்லுவான். தண்ணீரைப் பற்றிச் சொல்ல மாட்டான். அவனுக்கு அது மூச்சு விடுவது போல. அதனால் நான் எழுதுகிறேன்.

குடிக்கிற தண்ணீர்தான் முதல் சாமான். அங்கே எல்லாம் உப்பு. இரண்டு பெரிய டால்டா டின், மூடி இறுக்கமாக. அரிசி மூன்று படி போதும். பருப்பு வேண்டாம், வேகாது. புளி, மிளகாய், உப்பு. அடுப்புக்கு மூன்று செங்கல். அங்கே சேற்றில் கல் கிடைக்காது. தீப்பெட்டியை மெழுகு காகிதத்தில் சுற்று. கொசுவுக்குத் தேங்காய் மட்டை, புகை போட. தூண்டிலும் கயிறும் என்னிடம் இருக்கின்றன. உன்னிடம் இருக்கிற எதுவும் கனமாக இருந்தால் வீட்டில் வைத்துவிட்டு வா, உன் கோபத்தைத் தவிர. அது வரட்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும். எட்டு மணிக்குள் வள்ளம் மிதக்கும். ஏறுகிற தண்ணீரே நம்மை வடக்கே கொண்டுபோகும், நாம் குறுக்கே மட்டும் இழுத்தால் போதும். பகல் பன்னிரண்டுக்கு அக்கரையில் ஒரு கிளை ஓடைக்குள் புகுந்துவிடலாம். திங்கட்கிழமை பகல் ஒன்றரைக்குத் தண்ணீர் திரும்பும். அதோடு நாமும் திரும்ப வேண்டும். திரும்பும்போதுதான் துடுப்பு வேலை. டிராம்பேயில் ஒதுங்கத் தவறினால் இறங்குகிற தண்ணீர் நம்மைக் கப்பல் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

உன் கேள்விக்குத் தபாலில் பதில் சொல்ல மாட்டேன். எனக்கும் ரங்கூனில் ஒரு தம்பி இருந்தான் என்பது உனக்குத் தெரியும். அவனுக்கு நான் எழுதிய கடைசிக் கடிதம் என்ன என்று உனக்குத் தெரியாது.

ஒன்று கொண்டு வருகிறேன். என்ன என்று கேட்காதே.

சுலைகாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கனி


தாராவி
24-3-1964

நாகூர் கனி அவர்களுக்கு,

வருவதாகச் சொன்னீர்கள். கோபம் அப்படியே இருக்கிறது. இருந்தாலும் இன்று வாசித்து இரண்டு தடவை சிரித்தேன்.

தயாரிப்பைக் கேளுங்கள். கூடாரம் தைத்துவிட்டேன். ஷாப்பில் கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் ஒன்பது. பட்டை போட்டுப் பதம் பண்ணியது. இரட்டைத் தையல். மழையே வந்தாலும் ஒரு சொட்டு இறங்காது. எனக்கு நீச்சல் தெரியுமா என்று உங்கள் மகள் கேட்டாளே, அதற்கும் வழி செய்துவிட்டேன். ஒரு முழு வெள்ளாட்டுத்தோலைக் கழுத்தைக் கட்டிக் காற்றடைத்து வைத்திருக்கிறேன். இடுப்பில் கட்டிக்கொண்டால் யானையே மிதக்கும். கிசனுக்கு நன்றியாகத் துடுப்புக்குப் புது வார் நாலு. மீனெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டிருக்கிறேன். தண்ணீர் பட்டாலும் விறைக்காது. அதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தூண்டிலுக்கு இரை, தோலின் உள்பக்கம் சுரண்டிய சவ்வு ஒரு டின். ஷாப்பு வாய்க்காலில் கெளுத்தி அதற்குத்தானே அடித்துக்கொள்ளும்.

முப்பிடாதி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"வீடு பூரா நாறுது வே! செத்த ஆட்டுக்குள்ள குடியிருக்க மாதிரி இருக்கு."

"எங்கடி நாறுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஒமக்கு எப்படித் தெரியும்? நாப்பது வருசமா அதுக்குள்ளயே கெடந்தீரு. மூக்கா அது?"

எழுத்து படித்தால் புத்தி வரும் என்று நினைத்தாளாம், இருந்ததும் போய்விட்டதாம். ஆறுமுகத்தாய் டீச்சரிடம் போய் என்னைத் தடுக்கச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்ன செய்தார்கள் தெரியுமா? போய்வந்து இரண்டு பக்கம் கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள்! அதற்கும் சரி என்றேன்.

கடைசியில் முப்பிடாதி சொன்னது: "மீனோட வந்தா கதவத் திறப்பேன். வெறுங்கையோட வந்தா அந்த ஆட்டுத்தோலுக்குள்ளயே படுத்துக்கிடும்."

பூலோகம்


டிராம்பே
26-3-1964

தம்பி,

கார்டில் இடம் இல்லை. சுலைகாவுக்குத் தெரிந்துவிட்டது. என் செருப்பை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். பார்க்கிறேன் ஒரு கை. வெறுங்காலோடு வருவேன். சேற்றில் எதற்குச் செருப்பு?

முதல் பஸ்ஸில் வா. கரையில் கிசன் மச்சான் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்பேன். உன் கூடாரத்தின் வாடையைப் பற்றி முப்பிடாதி சொல்வது எனக்கும் புரியவில்லை. தோலுக்கு அப்படி என்ன வாடை?

கனி


டிராம்பே
31-3-1964

தம்பி பூலோகத்துக்கு,

உன் வீட்டுக் கதவு திறந்ததா? இங்கே கதவு திறந்தது, வாய் இன்னும் மூடவில்லை. சுலைகா நேற்று ராத்திரியிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். கொடுவா மீனைக் குழம்பு வைத்துவிட்டு, ஒரு துண்டு தின்றுவிட்டு, மறுபடியும் பேச ஆரம்பித்தாள். மருமகன் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த தடவை போனா எனக்கும் சொல்லுங்க மாமா" என்றார்.

என் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். மூச்சு வாங்கவே இல்லை. இது சுலைகாவுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

சாப்பிட உட்காரும்போதும் தொழுகைக்கு நிற்கும்போதும் கை தானாக இடுப்புக்குப் போகிறது. துடுப்புக்குப் போய்விட்டாலும் இருபது வருடம் கட்டிய வார் அல்லவா? ஆனால் அதைப் பற்றி எழுத வரவில்லை.

நேற்றுக் காலையில் அந்தத் தாளை உன் கையில் கொடுத்தேன். நீ வாசிக்க ஆரம்பித்தாய். ஒரு விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு, உதடு அசைய, எட்டு வரி. நான் உட்கார்ந்து வாரை அறுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கடிதம் வாசித்திருக்கிறேன். நான் எழுதியதை எனக்கு எதிரில் ஒருவர் வாசித்து, நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

நீ முடித்தாய். மடித்தாய். சட்டைப் பையில் வைத்தாய். பிறகு டிராம்பே வரும்வரை "இழுங்க", "நிறுத்துங்க" தவிர ஒரு சொல் பேசவில்லை.

அந்தத் தாளை என்ன செய்தாய்? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, கொடுவாயாக இருந்தும்கூட.

கனி


தாராவி
2-4-1964

நாகூர் கனி அவர்களுக்கு,

கதவு திறந்தது. நாலு கெளுத்தியையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். இரைக்கு என்ன போட்டீர் என்று கேட்டாள். சொன்னேன். அன்றைக்குக் குழம்பு அவள் தொடவில்லை. எல்லாம் எனக்கே.

டீச்சருக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நரி வந்த இடத்தில் நிற்கிறேன். திங்கட்கிழமை விடியக் கருக்கலில் தலைமாட்டில் மெல்லுகிற சத்தம் கேட்டதே, நீங்கள் வெற்றிலை போடுகிறீர்கள் என்று நான் நினைத்தேன். நான் போடுகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். வெளிச்சம் வந்து பார்த்தால் கூடாரத்தில் ஒரு பக்கம் இல்லை. வெள்ளாட்டுத்தோல் இல்லை. வள்ளம் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது, துடுப்பில் கட்டியிருந்த வார் நாலும் இல்லை. மீனெண்ணெய் ஊறப்போட்டு நரிக்கு விருந்து வைத்திருக்கிறேன்! காட்டுக்குள் தோலைச் சுமந்துகொண்டு போகிறோமே, வாடைக்கு ஏதாவது வரும் என்று இரண்டு தோல் ஷாப்புக்காரர்களுக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. பேனா ஆடுகிறது.

அப்போதுதான் நீங்கள் இடுப்பு வாரை அவிழ்த்தீர்கள். நான் தைத்துக் கொடுத்த வார். அதன் பையிலிருந்து மெழுகு காகிதத்தில் சுற்றிய தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது நீ சொன்னது, சொன்னபடி. போடத்தான் எழுதினேன், போட மனசு வரல" என்று சொல்லிவிட்டு, துடுப்பைக் கட்ட வாரை அறுக்கக் கத்தியை எடுத்தீர்கள்.

ரங்கூன் தம்பிக்குக் கோபத்தில் போட்ட கடைசிக் கடிதத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முப்பிடாதியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் அது உங்கள் தம்பி. இது என் தம்பி.

தாளை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். தபாலில் போட்டுவிட்டேன். பதினாறு வருடம் கழித்து, அதே தாளை, செல்லப்பாண்டிக்கு.

குதிக்காதீர்கள். வாசித்துப் பார்த்தேன். பொல்லாத பேச்சு. ஆனால் என் பேச்சு. அதன் அடியில் என் கையால் இதை எழுதினேன்:

"மேலே இருப்பது அன்று நான் சொன்னது. கனி அண்ணாச்சி அதைப் போடாமல் வேறு எழுதிப் போட்டார். என் குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க நீ என்னை எதிர்பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கடைசி வரியை மட்டும் இன்று அடித்திருக்கிறேன். மற்றதை அடிக்கவில்லை."

கடைசி வரி எது என்று உங்களுக்குத் தெரியும். பேனாவை அழுத்தி மூன்று கோடு போட்டேன். தாள் கிழிந்துவிட்டது.

பூலோகம்


டிராம்பே
4-4-1964

ஏ பூலோகம்,

உனக்குப் பைத்தியமா? இரண்டு பேரும் நன்றாக இருந்தீர்கள். அவன் மகள் கல்யாணத்துக்கு நீ போனாய். உன் கண்ணுக்கு மருந்து போட அவன் பம்பாய் வந்து உன்னோடு ஒரு மாதம் இருந்தான். அதன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாயே!

அந்தத் தாளை வாங்கி நீ ஓடையில் எறிவாய் என்று நினைத்துக் கொடுத்தேன். எறிந்துவிட்டு என்னைத் திட்டுவாய், அதோடு முடியும் என்று நினைத்தேன். நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. இனி அவனுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்?

பதில் வந்தால் உடனே எழுது. வராவிட்டாலும் எழுது.

கனி


தாராவி
16-4-1964

கனி அண்ணாச்சிக்கு,

பதில் வந்தது. தபால்காரர் பிச்சையா கொடுத்துவிட்டு, "வாசிச்சுச் சொல்லட்டுமா பெரியவரே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படிச் சொல்வதில் இருக்கும் சுகத்தை அறுபத்தாறு வருடம் கழித்து அனுபவித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன்.

செல்லப்பாண்டி எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அண்ணே, பழைய கடிதம் உன் வாயிலிருந்து வந்ததில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். என் குற்றம் என்று நீ சொல்லி அம்மாகூடக் கேட்டதில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் உன் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துத்தான் அழுதேன். இப்போது வந்ததுதான் உன் கடிதம். வாசிக்கும்போது நீ எதிரில் நின்று கத்துவது போல இருந்தது.

"நீ அன்றைக்கே இப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ கேட்காததால் நானும் சொல்லவில்லை. அம்மாவை நான் இரண்டு நாள் வைத்திருந்தேன் அண்ணே. சித்திரை வெயில். தந்தி கொடுக்க நாங்குநேரிக்கு நடந்து போனேன். பெரியவன் வரட்டும், பெரியவன் வரட்டும் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். மூன்றாம் நாள் ஊரார் விடவில்லை. கொள்ளியை வாங்கும்போதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் வாங்கினேன்.

"நீ அடித்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அடியில் கொஞ்சம் கோபம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதையும் கொண்டு வா. வைகாசியில் வந்து நேரில் திட்டு."

அவ்வளவுதான் கடிதம். மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை முப்பிடாதிக்காகச் சத்தமாக வாசித்தேன். விசிறினேன் என்ற சொல்லையே மறுபடி மறுபடி வாசித்தேன். "மேல வாசியும்" என்றாள். வாசித்தேன்.

அவன் காத்திருந்தான், அண்ணாச்சி. இரண்டு நாள். இது எனக்குத் தெரியாமல் பதினாறு வருடம் போய்விட்டது. உங்கள் நல்ல கடிதம் அதை மூடி வைத்திருந்தது. என் பொல்லாத கடிதம் போய் அதை வெளியே எடுத்தது. இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் குத்தத்தான் எழுதுகிறேன். நீங்கள் அன்று தபால் பெட்டிக்கும் உங்கள் மனதுக்கும் நடுவில் நின்று என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று ஓடையில் நீங்கள் நிமிராமல் வாரை அறுத்ததைப் பார்த்தபோது தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் கடிதத்தை இனி நான் எழுதுகிறேன். துடுப்பை நீங்கள் போடுங்கள்.

அடுத்த ஷிம்காவுக்கு வள்ளம் வேண்டும் என்று கிசனிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அவன் மச்சான் துடுப்பில் கட்டிய உங்கள் இடுப்பு வாரைக் கழற்றவே விடமாட்டேன் என்கிறானாம். அவ்வளவு பலமாம். தோல் யாருடையது? மருமகனையும் கூட்டி வாருங்கள். கூடாரம் இந்தத் தடவை தார்ப்பாய். சுலைகாவிடம் நீங்களே சொல்லுங்கள். நான் கடிதம் எழுதித் தருகிறேன், எழுதியபடி வாசித்துக் காட்டுங்கள்.

வைகாசியில் ஊருக்குப் போகிறேன். திட்டுவதற்குத்தான் போகிறேன்.

டீச்சர் கட்டுரையில் நரி வந்த இடத்தைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நூற்றுக்கு எழுபது போட்டார்கள். எழுபது போதாது என்று நாளைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன்.

இதோடு ஒரு பார்சல் வரும். நல்ல எருமைத்தோலில் உங்களுக்குப் புது இடுப்பு வார், அளவு எனக்குத் தெரியும். மீனெண்ணெய் போடவில்லை.

இதில் பை வைக்கவில்லை.

உங்கள் தம்பி,
பூலோகம்